மலையிறங்கிய டின்கள்

சந்திரவல்லி மலைக்குப் போவதில் அவள் அம்மாவுக்குத் துளியும் விருப்பமில்லை. போடிக்குப் பக்கத்துச் சிலமலையிலிருந்து மதுரைக்குப் போய்ப் படிப்பதே பெரிய காரியம். கோடை விடுமுறையிலாவது பெண் வீட்டோடு இருப்பாள் என்று நினைத்திருந்தாள். ஆனால் அந்த 1984ஆம் வருஷம் அவள் படித்த பெண்கள் கல்லூரிக்குப் புதிதாக ஒரு திட்டம் வந்திருந்தது. இளநிலை வகுப்பில் அறிவியல் படிக்கும் பிள்ளைகள் சிலரைத் தேர்ந்தெடுத்து, கோடை முழுக்க ஏதாவது ஓர் ஊரில் தங்கவைத்து, காற்று, தண்ணீர், மண் இவற்றைப் பற்றி அங்குள்ள ஜனங்களிடம் பேசச் சொல்வார்கள். அதற்கு உதவித்தொகையும் உண்டு. தாவரவியலில் இரண்டாம் வருஷம் முடித்திருந்த சந்திரவல்லி நேர்காணலில் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். எங்கள் பக்கத்து ஜனங்களில் பாதிப்பேர் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிறார்கள், பூச்சிமருந்தைக் கையை விட்டுக் கலக்குகிறார்கள், மருந்து வந்த டின்னிலேயே குடிதண்ணீர் பிடிக்கிறார்கள் என்றாள். திட்டத்தைக் கவனித்துக்கொண்ட சுந்தரம்மாள் மேடம் நிமிர்ந்து பார்த்து, "அதையே எடுத்துக்கோம்மா" என்றார்.

தங்குவதற்கு ஏற்பாடு செய்தவர் அப்பா சின்னச்சாமி. போடிமெட்டைத் தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த ஜக்கையன் அவருக்குப் பழைய சிநேகிதர். ஜக்கையனும் அவர் மனைவி அய்யம்மாளும் சந்திரவல்லியைச் சொந்தப் பெண்ணைப் போலப் பார்த்துக்கொண்டார்கள். குளிருக்குக் கம்பளி கொடுத்து, வெந்நீர் வைத்துக் கொடுத்து, தோட்டத்து முதலாளியிடமும் "நம்ம பிள்ளைதான், படிப்புக்காக வந்திருக்கு" என்று ஜக்கையனே பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

முதல் கூட்டம் சரிப்படவில்லை. வேலை முடிந்து வந்தவர்கள் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சந்திரவல்லி துணியில் வரைந்து கொண்டுவந்த படங்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, கல்லூரியில் ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தாள். நச்சுப்பொருள் மண்ணில் தங்குகிறது, நீரில் கரைகிறது என்றெல்லாம் சொன்னாள். மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர் மட்டும் கேட்டார்.

"ஏம்மா, மருந்துன்னுதானே இதுக்குப் பேரு?"

"செடியப் பிடிக்கிற பூச்சிக்கு விஷம்ண்ணே. நமக்கும் விஷந்தான்."

"கம்பெனிக்காரன் விஷத்தையா அனுப்புவான்" என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அதோடு கூட்டம் கலைந்தது.

அன்று இரவு முழுக்க யோசித்தாள். மறுநாள் வேலையாட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்குக் கீழே ஓடிய ஓடையில் சின்னச்சின்ன மீன்களைத் துண்டு போட்டுப் பிடித்தாள். தோட்டத்தில் வேலை பார்த்த ஒச்சம்மாள் என்கிற பெண்ணிடம், "அக்கா, நீங்க தண்ணி எடுக்கிற டின்ன கொஞ்சம் கொடுங்க. நீங்களே நல்லாக் கழுவிக் கொடுங்க" என்று கேட்டாள். ஒச்சம்மாள் சாம்பல் போட்டு, தேங்காய்நாரால் தேய்த்து, அலசிக் கொடுத்தாள். புதிதாக வந்த டின், போன வாரம்தான் காலியானது. சாயங்காலம் எல்லோர் கண்முன்னாலும் அதில் ஓடைத் தண்ணீரைப் பிடித்துக் குலுக்கி, ஒரு வட்டகையில் ஊற்றி மீன்களை விட்டாள். இன்னொரு வட்டகையில் வெறும் ஓடைத் தண்ணீரும் மீன்களும்.

அவள் பேசவே இல்லை. டின் தண்ணீரில் விட்ட மீன்கள் முதலில் கிறுகிறுவென்று சுற்றின. பிறகு ஒருக்களித்தன. பெண்கள் வட்டகையைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். கடைசி மீன் வயிற்றைக் காட்டி மிதந்தபோது ஒச்சம்மாள் தன் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

"இதுல எடுத்த தண்ணியிலதான் எம் மகளுக்குக் கஞ்சி காய்ச்சுனேன்" என்றாள்.

சந்திரவல்லிக்கு அந்த நேரத்தில் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. சொல்ல வந்தது போய்ச் சேர்ந்துவிட்டது என்ற சந்தோஷம்.

ஆனால் ஒச்சம்மாள் அடுத்து கேட்டது நியாயமான கேள்வி. "அப்ப தண்ணி எதுல எடுக்க? மண்பானைய வச்சுக்கிட்டு இந்தச் சரிவுல ஏற முடியாது ஆத்தா. வழுக்கினா பானையும் போச்சு, இடுப்பும் போச்சு. பித்தாளைக்கு எங்க போறது?"

பிளாஸ்டிக் குடம் போதும் என்று சந்திரவல்லி நினைத்தாள். அதைப் பற்றி மேடத்திடம் முன்பே ஒருமுறை பேச்சுவாக்கில் கேட்டிருந்தாள். மேடம் "பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தார். அந்தப் பார்க்கலாமை இவள் எல்லோரிடமும் "வரும்" என்று சொல்லிவிட்டாள்.

அதை நம்பித்தான் பெண்கள் டின்களைக் கொண்டுவந்து போட்டார்கள். தண்ணீர் டின், அரிசி டின், உப்பு போட்டு வைத்த டின், கோழிக்குத் தீவனம் வைக்க வெட்டிய டின்னின் பாதி, எல்லாம் ஸ்டோருக்குப் பின்னால் குவிந்தது. சில டின்களில் சிவப்பு முக்கோணமும் மண்டையோடும் இன்னும் பளிச்சென்று இருந்தன. சுந்தரம்மாள் மேடம் ஒரு நாள் ஜீப்பில் வந்து பார்த்தார். குவியலுக்கு முன்னால் சந்திரவல்லியையும் பெண்களையும் நிறுத்திப் போட்டோ எடுத்தார்.

"எத்தனையோ பேரு எங்கெங்கயோ போயிருக்காங்க வல்லி. ஜனங்க நடத்தையையே மாத்தினது நீ ஒருத்திதான்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். குடத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "எழுதிக் கேக்கறேன்மா" என்றார்.

இனி டின்களைப் புதைக்க வேண்டும். ஓட்டை போட்டு நசுக்கி, தண்ணீர் ஓட்டம் இல்லாத இடத்தில் ஆழக்குழி தோண்டிப் புதைக்கக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஜக்கையனிடம் ஆள் கேட்டாள்.

"குழிதானே பாப்பா, வெட்டிருவோம். இந்த மருந்தடிப்புச் சோலி முடியட்டும். சாரல் பிடிக்குமுன்ன அடிச்சு முடிக்கலன்னா முதலாளி என்னையப் புதைச்சிருவாரு."

சரி என்றாள். வேறென்ன சொல்வது? அவர் வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிடுகிறாள். அந்தச் சமயம் வீரபாண்டித் திருவிழா வந்தது. அம்மா அக்கினிச்சட்டி எடுப்பதாக வேண்டியிருந்தாள். மகள் கூட இருக்க வேண்டும் என்று ஆள்மேல் ஆள் விட்டாள். சந்திரவல்லி கீழே இறங்கினாள்.

திருவிழா முடிந்து திரும்பியவள் துணிப்பையைக்கூட வைக்காமல் ஸ்டோருக்குப் பின்னால் போனாள். குவியல் இருந்த இடத்தில் புல் மட்டும் மஞ்சளாகப் படுத்துக் கிடந்தது.

"புதைச்சிட்டீங்களா மாமா?"

ஜக்கையன் காய் மூட்டைகளுக்கு அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார். "இல்ல பாப்பா. முதலாளி வந்தாரு. என்னய்யா இது குப்பைன்னு சத்தம் போட்டாரு. ஏலம் விடுறதுக்குக் காய் லோடு ஏத்திக்கிட்டு ஜீப்பு போடிக்குப் போச்சு. மேல கட்டி அனுப்பிச்சிட்டேன். பழைய இரும்புக் கடையில எடுத்துக்கிட்டான்."

அப்போதுதான் அவள் துணிப்பையைக் கீழே வைத்தாள்.

"எடத்த அடைச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. ஒனக்கும் வேல மிச்சம்னு நெனச்சேன்" என்றார். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. நல்லது செய்ததாகவே நினைத்திருந்தார். அதுதான் அவளைக் கோபப்படவும் விடாமல் செய்தது.

அடுத்த ஜீப்பிலேயே போடிக்குத் திரும்பினாள். வளைவுக்கு வளைவு ஜீப் இறங்க இறங்கக் காதடைத்தது. பழைய இரும்புக் கடைக்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு, "அது நல்ல கனத்த தகரமாச்சே. தகரப்பட்டறை ராமர் மொத்தமா தூக்கிட்டுப் போயிட்டாரு" என்றார்.

ராமரின் பட்டறை சந்தைக்குப் பக்கத்தில் இருந்தது. தகரத்தை வெட்டிப் புனலும் சிம்னி விளக்கும் எண்ணெய் அளக்கும் உழக்கும் செய்து விற்பவர். கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"பொத்தல் விழுந்ததத்தான் வெட்டினேன். நல்லா இருந்தத வெட்ட மனசு வரல. மேல ஒட்டியிருந்த படத்தச் சொரண்டி, சோடா உப்புப் போட்டுக் கழுவி, கைப்பிடி வச்சு வித்துட்டேன். ஏம்மா, கழுவினாப் போகாதா?"

"போகாதுங்கய்யா."

அவர் உளியைக் கீழே வைத்தார். "முன்னெல்லாம் இந்தக் கையாலதான் எம் மூணு புள்ளைகளுக்கும் பால் டின்னு செஞ்சு குடுத்திருக்கேன். தெரிஞ்சா செய்வேனாம்மா?"

மிச்சமிருந்த டின்களை அவர் காசு வாங்காமல் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார். யாருக்கு விற்றோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். சந்தைக்கு வந்த ஜனம், முகம் தெரிந்தவர்கள் சிலர்தான். சிலமலைப் பக்கம் சைக்கிளில் எண்ணெய் விற்பவர் ஒருவர், சந்தையில் கருவாடு விற்கும் ஒரு அம்மாள், தேவாரத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கிற மொக்கம்மாள் வீடு. மற்றவர்களை அவருக்குத் தெரியவில்லை. "கம்பத்துக்காரங்க கொஞ்சப் பேரு. பஸ் ஏறிப் போயிட்டாங்க. அவங்கள எங்கேன்னு தேடுவ?"

சாக்கைத் தூக்கிக்கொண்டு சிலமலைக்கு வந்து நின்ற மகளைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சின்னச்சாமி சாக்கை வாங்கித் தன் நிலத்து மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டினார். இதை எங்கே புதைப்பது என்று அவரும் யோசித்துப் பார்த்தார். இவர் நிலத்தில் கிணறு, பக்கத்து நிலத்தில் கிணறு, அதைத் தாண்டினால் ஓடை.

"தண்ணி இல்லாத எடம்னா எங்கிட்டு ஆத்தா போக? அப்படி எடத்துல மனுசன் ஏன் குடியிருக்கப் போறான்?" என்றார். பிறகு மேல்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, "வா, மத்ததப் பாப்போம்" என்று கிளம்பினார்.

எண்ணெய்க்காரர் சைக்கிளை நிறுத்திக் கேட்டார். சின்னச்சாமிக்குத் தெரிந்த ஆள்தான். ஆனால் டின்னைத் தர மாட்டேன் என்றுவிட்டார். "நாலு ஊருக்கு ஊத்திட்டேன் மாமா. எவனும் ஒண்ணும் சொல்லலையே. இப்ப எண்ணெயில விஷம்னு ஒங்க மக சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா, நாளைக்கு எங்கிட்ட எவன் வாங்குவான்? எம் பொழப்பக் கெடுத்திராதீங்க." அப்பா கெஞ்சிப் பார்த்தார், புது டின் வாங்கித் தருகிறேன் என்றார். அவர் மிதிவண்டியை உருட்டிக்கொண்டு போயே போய்விட்டார். கருவாட்டு அம்மாள் தந்தாள். உள்ளே கருவாடு இருந்தது, அதைக் கொட்டி எடுத்துக்கொண்டு வெறும் டின்னைத் தந்தாள். கருவாட்டையும் விற்காதீர்கள் என்று சந்திரவல்லி சொன்னபோது சிரித்தாள்.

தேவாரத்துக்கு மறுநாள் பஸ்ஸில் போனார்கள். மொக்கம்மாள் வீட்டு வாசலில் பந்தல் பிரித்த கம்புகள் சாத்தியிருந்தன. அதைப் பார்த்ததும் அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

செத்தது மகன் ராக்கையா. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாத பையன். யானை இறங்குகிறதென்று ராக்காவலுக்குச் சோளக்காட்டுப் பரணுக்குப் போகிறவன், போகும்முன் எண்ணெயில் முட்டையைப் பொரித்துச் சாப்பிட்டிருக்கிறான். பரணில் வைத்து வாந்தி. பிறகு கைகால் வெட்டி இழுத்திருக்கிறது. பக்கத்துப் பரண்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் வழியிலேயே போய்விட்டான். பரணுக்குக் கீழே ஏதோ தீண்டியிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் மொக்கம்மாள், துக்கம் கேட்க வந்தவர்களென்று நினைத்து, ஒன்று விடாமல் சொன்னாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே சந்திரவல்லியின் கண் சமையல் மூலைக்குப் போனது. அடுப்புக்குப் பக்கத்தில் டின் இருந்தது. ராமர் வைத்த புதுக் கைப்பிடி. சுரண்டிய இடத்தில் சிவப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"அத்தே, அந்த எண்ணெய்..." என்று தொடங்கியவளுக்கு மேலே எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கல்லூரியில் ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் ஒன்றும் இதற்கு உதவாது. எப்படியோ சொல்லி முடித்தாள். மருந்து டின், மலையிலிருந்து வந்தது, அதில் வைத்த எண்ணெயில் விஷம் இறங்கியிருக்கும்.

ராக்கையாவின் பெண்டாட்டி உள்ளேயிருந்து வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேர் பொன்னுமணி. சந்திரவல்லி வயதுதான் இருக்கும்.

மொக்கம்மாள் யோசித்தாள். "அப்படியும் சொல்ல முடியாதே தாயி. நேத்துகூட அதே எண்ணெயிலதான் தாளிச்சோம். லேசா வயிறு கலக்குச்சு, அவ்வளவுதான். எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே."

கொஞ்சமாகச் சேர்த்தால் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். அவன் வெறும் வயிற்றில் நிறைய எண்ணெய் விட்டுப் பொரித்திருக்கலாம். அல்லது நிஜமாகவே பாம்பாகவும் இருக்கலாம். சந்திரவல்லிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. உடம்பை எரித்துவிட்டார்கள்.

பொன்னுமணிதான் கேட்டாள். "இந்த டின்னு வெசம்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"மலையில இருக்கவங்களுக்கு?"

"அவங்களுக்கும் தெரியும். அதான் கொடுத்துட்டாங்க."

பொன்னுமணி தலையை ஆட்டினாள். திட்டவில்லை, அழவுமில்லை. "எங்களுக்கும் ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாம்ல" என்றாள். பிறகு உள்ளே போய் டின்னை எடுத்துவந்து, எண்ணெயோடு அப்படியே சந்திரவல்லியின் கையில் கொடுத்தாள். கனமாக இருந்தது. அப்பா கை நீட்டினார், அவள் தரவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்தபடியே வந்தாள்.

அவனைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்ல மனிதர். நின்று பதில் சொன்னார். வரும்போதே உயிர் இல்லை, ஊர்க்காரர்கள் பாம்புக்கடி என்றார்கள், போலீஸ் கேஸ் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், கொடுத்தனுப்பிவிட்டோம் என்றார். "எண்ணெயைச் சோதிக்கணும்னா மெட்ராசுக்கு அனுப்பணும்மா. கேஸே இல்லாம யார் பேர்ல அனுப்ப?"

போடி தபாலாபீசில் மதுரைக்கு ட்ரங்க் கால் போட்டுக் காத்திருந்தாள். லைனில் வந்த மேடத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"நீ சொன்னது எதுவும் தப்பில்ல வல்லி. கொண்டுபோய் வித்தது நீ இல்ல."

"ஜனங்களுக்குச் சொல்லணும் மேடம். கம்பம் வரைக்கும் போயிருக்கு. நோட்டீசு அடிச்சு, தண்டோராப் போட்டாவது..."

"என்னன்னு போடுவே? எந்த டின்னு, யார் வீட்டு டின்னுன்னு சொல்ல முடியுமா? எல்லா டின்னும் ஒரே மாதிரிதானே இருக்கு. நிரூபிக்காம ஒரு சாவப் பத்திப் பேசினா திட்டத்தையே நிறுத்திருவாங்கம்மா. அடுத்த வருஷம் எந்தப் பிள்ளையும் போக முடியாது." லைன் கரகரத்தது. "அப்புறம் அந்தக் குடம். பொருள் வாங்கிக் கொடுக்கிறதுக்குத் திட்டத்துல எடமில்லைன்னு சொல்லிட்டாங்க. நான் வேணும்னா என் கையில இருந்து..." அதற்குள் நேரம் முடிந்து லைன் போய்விட்டது.

அப்படியும் அவள் சும்மா இருக்கவில்லை. அப்பாவும் அவளும் போடிச் சந்தையில் ஒரு நாள் முழுக்க நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்கள். சிலர் நின்று கேட்டார்கள். இரண்டு பேர் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவை மண்ணெண்ணெய் டின்கள். வெயிலில் அவள் தொண்டை கட்டிப்போனது. தெரிந்தவர்கள் சின்னச்சாமியைத் தனியே கூப்பிட்டு, பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று விசாரித்தார்கள். மறுநாள் அவள் சந்தைக்குக் கிளம்பியபோது அப்பா கூட வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

திட்டத்தில் இன்னும் சில நாட்கள் பாக்கி இருந்தன. மலையேறினாள். சாரல் பிடித்துவிட்டது. லயத்துச் சரிவில் ஒச்சம்மாள் தண்ணீர் சுமந்து ஏறி வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் புது மருந்து டின்கள். சந்திரவல்லியைக் கண்டதும் முகம் சுருங்கிப்போய் நின்றாள்.

"பானை ஒடைஞ்சு போச்சு ஆத்தா. ஒன்னு இல்ல, ரெண்டு. கொடம் வரும்னு பாத்தேன்." டின்னைக் கீழே வைக்காமலே சொன்னாள். "இது நல்லா வெந்நி ஊத்திக் கழுவுனது. மகளுக்குக் குடிக்கக் குடுக்குறதில்ல. அவளுக்குத் தனியா ஏனத்துல பிடிச்சு வைக்கேன்."

சந்திரவல்லி ஒரு டின்னை வாங்கித் தூக்கிக்கொண்டு கூடவே ஏறினாள். குடம் வராது என்று சொன்னாள். பிறகு தேவாரத்தில் நடந்ததையும் சொன்னாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. ஒச்சம்மாள் பாதியில் நின்றுவிட்டாள். மழைத்தூறல் அவள் முகத்தில் வழிந்தது.

"நாங்களே வச்சிருந்தா எங்களோட போயிருக்கும்" என்றாள். "எங்களுக்காச்சும் அது வெசம்னு தெரியும்."

குற்றம் சொல்வதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. நடந்ததை நினைத்துப் பார்த்து, தனக்குள் சொல்லிக்கொண்டது போலத்தான் இருந்தது. சந்திரவல்லி டின்னை இறக்கி வைத்தாள். சரிவிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒச்சம்மாள் தன் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் குந்தினாள்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கூட்டத்துக்கு அவள் முன்பே சொல்லி வைத்திருந்தாள். மீன் செத்த கதை அங்கும் பரவியிருந்ததால், முன்னைவிட அதிகப் பேர் வந்திருந்தார்கள். சந்திரவல்லி படங்களைத் தொங்கவிடவில்லை, மீனும் பிடிக்கவில்லை. மருந்து என்ன செய்யும் என்பதை மட்டும் சாதாரணமாகச் சொன்னாள். கையுறை இல்லாவிட்டால் குச்சியால் கலக்குங்கள், காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள், அடித்துவிட்டுக் குளிக்காமல் பிள்ளையைத் தூக்காதீர்கள். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள்.

கூட்டத்தில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண், தன் லயத்துக்காரர்கள் எல்லோருக்காகவும் கேட்பதுபோல எழுந்து கேட்டாள். "எங்க வீடுகள்ல கெடக்கிற டின்னுகளையும் கொண்டாந்து போடவா? எங்க போடணும்னு சொல்லுங்க."

சந்திரவல்லி அவளைப் பார்த்தாள். எல்லா முகங்களும் இவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"வேண்டாம்க்கா" என்றாள். "எங்கயும் கொண்டுபோக வேண்டாம். யாருக்கும் கொடுத்திராதீங்க, வித்திராதீங்க. கூரைமேல, எட்டாத எடத்துல போட்டு வைங்க. அதுல எதையும் வைக்காதீங்க."

"வச்சு என்ன செய்ய? எம்புட்டு நாளைக்கு?"

"அது எனக்குத் தெரியலைக்கா."

அந்தப் பெண் உட்காரவில்லை. இன்னும் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தது போலிருந்தது. பிறகு மழை வலுக்கவே, குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு மற்றவர்களோடு லயத்துக்குப் போனாள்.